சதுரச் சக்கரம் ஓடுமா? ஓடும், ரோடு ஒத்துழைத்தால்!

(ஒன்பதாம் வகுப்பு மாணவி)

  

இந்த மாதச் சுவர்ப் பத்திரிகையில் சக்கரத்தைப் பற்றி எழுதுகிறேன். "சக்கரத்துல என்ன இருக்கு, வட்டமா இருக்கும், உருளும், அவ்வளவுதானே?" என்று பக்கத்தில் இருக்கும் கோலப் பக்கத்துக்கு நகர்ந்துவிடாதீர்கள். ஒரே ஒரு கேள்வி. சக்கரம் ஏன் வட்டமாக இருக்கிறது?

வட்டமா இருந்தால்தான் உருளும் என்பீர்கள். முட்டையும்தான் உருளுது. ஆறு பக்கம் உள்ள பென்சிலும் பெஞ்சில் இருந்து உருண்டு விழுது, முனை உடையுது. கத்தரிக்காய்கூட உருளும். ஆனால் இவற்றையெல்லாம் யாரும் வண்டிக்கு மாட்டுவதில்லை. அப்படியானால் உருளுவது மட்டும் காரணம் இல்லை.

விடை சக்கரத்தின் ஓரத்தில் இல்லை, நடுவில் இருக்கிறது. நடுவில் இருப்பது அச்சு. வண்டியும் வண்டியில் இருக்கும் பாரமும் அந்த அச்சின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. வட்டத்தில் நடுவில் இருந்து ஓரம் வரை எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரே ஆரம். அதனால் சமமான தரையில் வட்டம் எவ்வளவு சுற்றினாலும் அச்சு தரையில் இருந்து ஒரே உயரத்தில் இருக்கும். அச்சு ஏறி இறங்காமல் இருந்தால் வண்டி குலுங்காது. இதுதான் முழு ரகசியம். இனிமேல் வரும் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வரியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: அச்சின் உயரம் மாறக் கூடாது.

நுங்கு வண்டி ஓட்டியவர்களுக்கு இது கைக்கே தெரியும். நுங்கு எடுத்த பிறகு இருக்கும் கூந்தல் இரண்டை ஒரு குச்சியால் இணைத்து, கவட்டைக் குச்சியால் தள்ளுவோம். பனங்காய் சரியான வட்டம் இல்லை. மூன்று கண் இருக்கும் காய் கொஞ்சம் முக்கோணமா உப்பியிருக்கும். அதனால்தான் நுங்கு வண்டி தடக் தடக்கென்று குதித்துக்கொண்டே போகும். அது குதிப்பதால்தான் நமக்கு ஜாலி. ஆனால் அதில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து ஓட்டச் சொன்னால் முடியாது.

வீட்டில் பழைய காசு டப்பா இருந்தால் இன்னொரு சோதனை செய்யலாம். என் தாத்தா சேர்த்து வைத்த டப்பாவில் பல வடிவம் இருக்கிறது. மூலை மழுங்கிய சதுரமா 5 பைசா, பூ மாதிரி விளிம்பு வளைந்த 10 பைசா, அறுகோணமா 20 பைசா. (25 பைசாவும் அதற்குக் கீழே உள்ள காசுகளும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. அதனால் தைரியமாக விளையாடலாம்.) 1992 முதல் வந்த பழைய 2 ரூபாய்க்குப் பதினோரு பக்கம். 2020-இல் புழக்கத்துக்கு வந்த 20 ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்கம். ஒரு பலகையைச் சாய்த்து வைத்து எல்லாவற்றையும் நிற்க வைத்து உருட்டிப் பாருங்கள். 5 பைசா உருளவே உருளாது, குப்புற விழும். 20 பைசா நாலு தட்டுத் தட்டி நிற்கும். 11 பக்கமும் 12 பக்கமும் கிட்டத்தட்ட வட்டம் போலவே ஓடும். பக்கங்கள் கூடக் கூட, மூலை வரை உள்ள தூரத்துக்கும் பக்கத்தின் நடு வரை உள்ள தூரத்துக்கும் வித்தியாசம் குறைகிறது. 20 ரூபாய்க் காசில் அந்த வித்தியாசம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அச்சு அந்த அளவுதான் ஆடும்.

இதுவரை எல்லாருக்கும் சம்மதம்தான். இப்போது கேள்வியைத் திருப்பிப் போடுவோம். எங்கள் கணக்கு மிஸ் வகுப்பில் கேட்டதும் இதைத்தான். "சக்கரத்தை மாத்தாதே. சதுரமாவே இருக்கட்டும். ரோடை மாத்து. அச்சு ஆடாம இருக்கிற மாதிரி ஒரு ரோடு இருக்கா?"

இருக்கிறது!

10 செ.மீ. பக்கம் உள்ள ஒரு சதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கம் தரையில் படுத்திருக்கும்போது அச்சின் உயரம் 5 செ.மீ. மூலை மேல் நிற்கும்போது அச்சின் உயரம் பாதி மூலைவிட்டம். பிதாகரஸ் போட்டால் 5² + 5² = 50, அதன் வர்க்கமூலம் 7.07 செ.மீ. ஆக, சதுரம் சாயச் சாய அச்சுக்கும் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம் 5-இல் இருந்து 7.07 வரை கூடுகிறது. அது எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு ரோடு கீழே இறங்கிவிட்டால் அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். அதாவது ரோட்டில் வரிசையாக மேடு மேடாக இருக்க வேண்டும். மேட்டின் உச்சியில் சதுரத்தின் பக்கம் படுக்கும். இரண்டு மேட்டுக்கு நடுவில் உள்ள பள்ளத்தில் மூலை போய் உட்காரும். மேட்டின் உயரம் 7.07 − 5 = 2.07 செ.மீ.

உயரம் கிடைத்துவிட்டது. வடிவம்? அரைவட்டமா வைக்கலாமே என்று நம் வகுப்பில் பாதிப் பேர் சொன்னார்கள். பிளாஸ்டிக் குழாயைப் பாதியாக அறுத்து வரிசையாக அடுக்கிச் சோதித்தோம். சதுரம் வழுக்குகிறது, அச்சும் ஆடுகிறது. அரைவட்டம் சரிப்படாது.

சரியான வடிவம் தொங்கும் சங்கிலியின் வடிவம். ஒரு சங்கிலியின் இரண்டு முனையையும் சமமான உயரத்தில் பிடித்துத் தொங்கவிட்டால் நடுவில் தொய்ந்து ஒரு வளைவு வரும் இல்லையா? அதைத் தலைகீழாகத் திருப்பினால் அதுதான் சதுரச் சக்கரத்தின் ரோடு. இதற்குக் கேட்டனரி என்று பெயர். லத்தீன் மொழியில் சங்கிலி என்ற சொல்லில் இருந்து வந்தது. இந்தப் பெயர் நம் தாம்பரம் ஸ்டேஷனிலேயே தலைக்கு மேல் இருக்கிறது. மின்சார ரயிலுக்கு மேலே இரண்டு கம்பி ஓடும், பார்த்திருப்பீர்கள். ரயில் தொட்டுக்கொண்டு போகும் கீழ்க்கம்பி நேராக இருக்கும். அதைத் தாங்கிக்கொண்டு தொய்ந்து போகும் மேல்கம்பிக்கு ரயில்வேகாரர்கள் வைத்திருக்கும் பெயரும் கேட்டனரிதான்.

இதை வரையப் பெரிய கணக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று பயப்பட வேண்டாம். நானும் என் தோழியும் செய்த முறை இது. அறுந்துபோன மெல்லிய கவரிங் செயின் ஒன்றைச் சரியாக 10 செ.மீ. வெட்டிக்கொண்டோம். ஏன் 10 என்றால், சதுரத்தின் ஒரு பக்கம் வழுக்காமல் ஒரு மேட்டைக் கடக்க வேண்டும். அதனால் மேட்டின் மேல் வளைந்து அளந்தால் வரும் நீளமும் பக்கத்தின் நீளமும் ஒன்றாக இருக்கணும். கிராஃப் தாளை ஒரு தெர்மாகோலில் ஒட்டி நிமிர்த்தி வைத்து, இரண்டு குண்டூசியில் செயினைத் தொங்கவிட்டோம். ஊசிகளை மெல்ல மெல்ல நகர்த்தி, நடுத் தொய்வு 2.07 செ.மீ. வரும் இடத்தில் நிறுத்தினோம். அப்போது இரண்டு ஊசிக்கும் இடைவெளி 8.8 செ.மீ. வளைவைப் பென்சிலால் புள்ளி புள்ளியாகக் குறித்து, அட்டையில் வெட்டி எடுத்தால் மேட்டின் அச்சு ரெடி.

கிராஃப் தாளில் இருந்ததால் ஒரு வேடிக்கையும் கிடைத்தது. மேட்டின் நடுவில் இருந்து 1 செ.மீ. தள்ளிப் போனால் 1 மி.மீ. இறங்குகிறது. 2 செ.மீ. தள்ளினால் 4 மி.மீ. 3 செ.மீ. தள்ளினால் 9 மி.மீ. ஒன்று, நான்கு, ஒன்பது. அடுத்து 16 என்று வாய் தானாகச் சொல்லும். அங்கே வருவது 17! ஓரத்துக்குப் போனால், 4.4 செ.மீ.-இல், வர்க்கக் கணக்குப்படி 19½-க்குள் முடிய வேண்டியது 20½-ஐத் தாண்டிவிடுகிறது. வர்க்கமாகவே இறங்கியிருந்தால் அது பரவளையம். சங்கிலி வளைவு பரவளையம் மாதிரியே நடுவில் நடித்துவிட்டு ஓரத்தில் கையை விரித்துவிடும். இதில் கலிலியோவே கிட்டத்தட்ட என்றுதான் சொல்லியிருக்கிறார். 1638-இல் வந்த தன் புத்தகத்தில், தொங்கும் சங்கிலி கிட்டத்தட்டப் பரவளையம் போல இருக்கும் என்று எழுதினார். சரியான சமன்பாடு 1691-இல்தான் வந்தது. லைப்னிட்ஸ், ஹைகன்ஸ், ஜோஹன் பெர்னூலி என்று மூன்று பேர் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு செயின் உலகத்தை ஏமாற்றியிருக்கிறது.

பிறகு தெர்மாகோலில் பத்து மேடு உள்ள இரண்டு பட்டை வெட்டி, வழுக்காமல் இருக்க மேலே உப்புத்தாள் ஒட்டி, இணையாக வைத்தோம். கல்யாணப் பத்திரிகை அட்டையில் நான்கு சதுரச் சக்கரம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 17.6 செ.மீ., அதாவது இரண்டு மேடு தூரம். அப்போதுதான் முன்சக்கரம் பள்ளத்தில் இருக்கும்போது பின்சக்கரமும் பள்ளத்தில் இருக்கும். வண்டி மேல் ஒரு மருந்து மூடியில் விளிம்பு வரை தண்ணீர் வைத்துத் தள்ளினோம். தண்ணீர் சிந்தவில்லை. அறிவியல் சார் கீழே குனிந்து பார்த்துவிட்டு, "சக்கரம் மட்டும்தான் ஆடுது, வண்டி போகுது" என்றார்.

இன்னொரு சோதனையும் அவர் சொன்னதுதான். வண்டியை ரோட்டில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் விட்டுவிட்டுக் கையை எடுங்கள். சக்கரம் சாய்ந்தபடி இருந்தாலும் வண்டி அப்படியே நிற்கும். முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. ஏன்னா சக்கரம் ரோட்டைத் தொடும் இடம் எப்போதும் அச்சுக்கு நேர் கீழேயே இருக்கிறது. அதே சதுரத்தைச் சமமான பெஞ்சில் சாய்த்துவிட்டால் டப்பென்று விழும்.

இது சும்மா மாடல் இல்லை. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் உள்ள மெகலஸ்டர் கல்லூரியில் ஸ்டான் வேகன் என்ற கணிதப் பேராசிரியர் 1997-இல் ஆள் ஏறி ஓட்டும் சதுரச் சக்கர சைக்கிளே செய்தார். சான் பிரான்சிஸ்கோவில் எக்ஸ்புளோரட்டோரியம் என்ற அறிவியல் காட்சியகத்தில் சதுரச் சக்கரம் உருளும் மாடலைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த ஆசை வந்ததாம். (அவர் பெயரே வேகன், அதாவது வண்டி! நான் வைத்த பெயர் இல்லை.)

மற்ற வடிவங்களுக்கும் இதே வழிதான். ஐங்கோணம், அறுகோணம் எல்லாம் சங்கிலி வளைவு ரோட்டில் ஓடும். 10 செ.மீ. பக்கம் உள்ள சதுரத்துக்கு மேடு 2.07 செ.மீ. என்றால் ஐங்கோணத்துக்கு 1.6 செ.மீ. போதும். பக்கம் கூடக் கூட மேடு தட்டையாகிக்கொண்டே வரும். கடைசியில் பக்கங்கள் எண்ண முடியாமல் வட்டமாகிவிட்டால் ரோடும் சமமாகிவிடும். இப்படிப் பார்த்தால் நம் சைக்கிளும் சமமான ரோடும் இந்தக் கூட்டத்தில் ஒரு ஜோடிதான்.

முக்கோணம் மட்டும் முடியாது. கணக்குப்படி அதற்கும் ஒரு வளைவு வரும். ஆனால் அந்த மேடு ரொம்பச் செங்குத்து. முக்கோணத்தின் மூலை பள்ளத்தில் போய் உட்காரும் முன்பே அடுத்த மேட்டில் இடித்துக்கொள்கிறது. தெர்மாகோலாக இருந்தால் குத்திக் கிழித்துவிடும்.

முக்கோணக் கட்சிக்காரர்களுக்கு ஓர் ஆறுதல் பரிசு இருக்கிறது. 10 செ.மீ. பக்கம் உள்ள சமபக்க முக்கோணம் வரைந்து, ஒவ்வொரு மூலையிலும் காம்பஸ் முள்ளை வைத்து மற்ற இரண்டு மூலையைச் சேர்க்கும் வில் போடுங்கள். உப்பிய முக்கோணம் கிடைக்கும். பனங்காய் ஞாபகம் வருதா? ஜெர்மனியைச் சேர்ந்த பொறியாளர் ஃபிரான்ஸ் ரூலோ (1829-1905) பெயரில் இதை ரூலோ முக்கோணம் என்கிறார்கள். இதை எந்தப் பக்கம் திருப்பி அளந்தாலும் அகலம் 10 செ.மீ.தான். இதேபோல நீளமான மூன்று உருளை செய்து, அதன் மேல் புத்தகத்தை வைத்துத் தள்ளினால் புத்தகம் ஆடவே ஆடாது. ஆனால் நடுவில் அச்சுக் குத்தி வண்டிக்கு மாட்டினால் ஆடும். நடுவில் இருந்து மூலைக்கு 5.8 செ.மீ., வில்லுக்கு 4.2 செ.மீ. அகலம் ஒன்றாக இருப்பது வேறு, ஆரம் ஒன்றாக இருப்பது வேறு. கீழே போட்டு உருட்டும் மரக்கட்டைக்கு அகலம் போதும். சக்கரத்துக்கு ஆரம் வேண்டும்.

சரி, சதுரச் சக்கரத்தில் குறையே இல்லையா? நிறைய இருக்கிறது. 10 செ.மீ. சக்கரத்துக்குப் போட்ட ரோட்டில் 12 செ.மீ. சக்கரம் ஓடாது. அதைவிடப் பெரிய குறை, வளைய முடியாது. மேடுகள் நேர் வரிசையில் இருப்பதால் வண்டி நேராக மட்டும்தான் போகும். நியூயார்க்கில் 2012 டிசம்பரில் திறந்த தேசியக் கணித அருங்காட்சியகத்தில் சதுரச் சக்கரம் உள்ள மூன்று சக்கர சைக்கிளை வட்டமான பாதையில் ஓட்டும்படி அமைத்தார்கள். மேடுகள் நடுவில் இருந்து சூரியகாந்தி இதழ் மாதிரி விரிந்து போகும். விரிவதால் வெளிப்பக்கம் மேடு பெரிது, உள்பக்கம் சிறிது. அதனால் வெளிப்பக்கம் ஓடும் சக்கரம் பெரிதாகவும் உள்பக்கம் ஓடுவது சிறிதாகவும் இருக்க வேண்டும்.

இந்த 'வெளிப்பக்கம் பெரிசு, உள்பக்கம் சிறிசு' என்ற சங்கதிக்காக நியூயார்க் போக வேண்டியதே இல்லை. நம் ஊர் ரயிலைப் பாருங்கள்.

தாம்பரம் - கடற்கரை மின்சார ரயில் 1931-இல் மீட்டர் கேஜில் ஓட ஆரம்பித்தது. 2004-இல் அந்த மீட்டர் கேஜ் ரயில் நின்றது, இப்போது எல்லாம் அகலப் பாதை. இரண்டு தண்டவாளத்துக்கும் இடைவெளி 1,676 மி.மீ. ரயில் சக்கரத்தைப் பற்றிப் பலருக்குத் தெரியாத விஷயம் இரண்டு. ஒன்று, இடது சக்கரமும் வலது சக்கரமும் அச்சோடு இறுகப் பொருத்தப்பட்டவை. மாட்டுவண்டியில் அச்சு சும்மா இருக்கும், சக்கரம் தனித்தனியாகச் சுற்றும். காரில் இரண்டு பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற டிஃபரன்ஷியல் இருக்கும். ரயிலில் இரண்டும் கிடையாது. ஒரு சக்கரம் ஒரு சுற்று என்றால் ஜோடியும் ஒரு சுற்றுத்தான்.

இங்கேதான் சிக்கல். ரயில் ஒரு முழு வட்டம் அடித்தால் வெளித் தண்டவாளம் உள் தண்டவாளத்தைவிட எவ்வளவு நீளம்? 2π × 1.676, கிட்டத்தட்ட 10½ மீட்டர். வட்டம் பெரிதா சிறிதா என்பதைப் பற்றிக் கவலையே இல்லை, எந்த வட்டத்துக்கும் அதே 10½ மீட்டர்தான். (நம்பாதவர்கள் 2πR-இல் இருந்து 2πr-ஐக் கழித்துப் பாருங்கள்.) ஒரே அளவு சுற்றும் இரண்டு சக்கரத்தில் ஒன்று மட்டும் எப்படி 10½ மீட்டர் அதிகம் போகும்?

அதற்கு விடை இரண்டாவது விஷயம். ரயில் சக்கரம் உருளை வடிவம் இல்லை, அது கூம்பு! பக்கத்தில் நின்று பார்த்தாலும் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. உள்பக்கம் விட்டம் கொஞ்சம் அதிகம், வெளிப்பக்கம் போகப் போகக் குறைவு. 20 மி.மீ. நகர்ந்தால் ஆரம் 1 மி.மீ. மாறும், அவ்வளவு லேசான சாய்வு. வளைவில் போகும்போது பெட்டி வெளிப்பக்கமாக ஒதுங்கும். உடனே வெளிச் சக்கரம் தன் பெரிய பாகத்தாலும், உள் சக்கரம் தன் சிறிய பாகத்தாலும் தண்டவாளத்தைத் தொடும். 1 செ.மீ. ஒதுங்கினால் ஒன்று அரை மி.மீ. பெரிதாகிறது, மற்றது அரை மி.மீ. சிறிதாகிறது. ஒரு சுற்றுக்கு 6 மி.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலாக வெளிச் சக்கரம் முன்னால் போய்விடும். பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டியின் சக்கரத்துக்கு விட்டம் 915 மி.மீ. ஒரு சுற்றுக்கு 2.87 மீட்டர் தூரம். அதில் 6 மி.மீ. வித்தியாசம். இதை வைத்துக்கொண்டு ரயில் தானாகத் திரும்புகிறது. ஸ்டீயரிங் கிடையாது! சக்கரத்தின் உள் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்புதான் ரயிலைப் பிடித்துக்கொள்கிறது என்று நினைக்கிறோம். அது காவலுக்கு. பெரிய வளைவுகளில் வேலை செய்வது கூம்புதான். ரொம்பக் குறுகலான வளைவில் கூம்பு போதாமல் விளிம்பு தண்டவாளத்தில் உரசும்போதுதான் அந்தப் பல் கூசும் 'கீீச்' சத்தம்.

இதையும் சோதிக்கலாம். டீக்கடை பேப்பர் கப் இரண்டை வாயோடு வாய் சேர்த்து ஒட்டுங்கள். நடு பெரிதாகவும் ஓரம் சிறிதாகவும் வரும். இரண்டு நீளக் கம்பை இணையாகச் சாய்த்து வைத்து அதன் மேல் உருட்டிவிடுங்கள். கொஞ்சம் கோணலாக விட்டாலும் தானே நடுவுக்கு வந்து ஒழுங்காக இறங்கும். இன்னும் இரண்டு கப்பை அடியோடு அடி சேர்த்து ஒட்டி விடுங்கள். பாதி வழியில் தடம் புரண்டு விழும்.

ஊட்டி ரயிலில் வேறு கதை. மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் வரை 1899-இலும், ஊட்டி வரை 1908-இலும் ரயில் வந்தது. கல்லாறுக்கு மேலே குன்னூர் வரை பாதை அவ்வளவு செங்குத்து, சுமார் 12 அடி போனால் 1 அடி ஏற வேண்டும். வழவழப்பான இரும்புச் சக்கரம் வழவழப்பான தண்டவாளத்தில் அங்கே வழுக்கிவிடும். அதனால் நடுவில் பல் பல்லாக இருக்கும் ஒரு தண்டவாளம் போட்டு, இன்ஜினில் பல் சக்கரம் வைத்தார்கள். பல்லும் பல்லும் கவ்விக்கொண்டே ஏறும். சதுரச் சக்கரத்துக்கு மேடு வெட்டியது மாதிரியேதான் இது. சக்கரத்தையும் பாதையையும் ஒன்றுக்காக ஒன்று செய்திருக்கிறார்கள். 2005-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாகச் சேர்த்தது.

இவ்வளவு தூரம் படித்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். நாம் போகும் ரோட்டை யாரும் நம் சக்கரத்துக்காகச் செய்து தருவதில்லையே? உண்மைதான். ஸ்பீடு பிரேக்கருக்குக்கூட இந்தியச் சாலைக் காங்கிரஸ் அளவு சொல்லியிருக்கிறது. 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். அந்த அளவில் இருந்தால் சக்கரம் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். தெருவில் நாம் பார்ப்பதில் பல, தலையணையை வெட்டிப் போட்ட மாதிரி இருக்கும். ரோடு நம் கையில் இல்லாதபோது சக்கரத்தின் அளவுதான் நம் கையில் இருக்கிறது.

இது எனக்கு வீட்டிலேயே தேவைப்பட்டது. எங்கள் அம்மா காலையில் தள்ளுவண்டியில் இட்லிக் கடை போடுகிறார்கள். அந்த வண்டியில் அச்சு ஆடுகிறதா என்று அளக்க ஸ்கேல் வேண்டாம், சாம்பார் குண்டானே போதும். போன மாதம் பழைய சக்கரம் நெளிந்துபோய் மாற்ற வேண்டி வந்தது. பட்டறையில் இரண்டு வகை சொன்னார்கள். 26 அங்குல சைக்கிள் சக்கரம் ஒன்று. 10 செ.மீ. விட்டமுள்ள இரும்புச் சக்கரம் இன்னொன்று. இரும்புச் சக்கரம் விலை குறைவு, பஞ்சரும் ஆகாது. அப்பா அதையே போடலாம் என்றார். இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசம் எங்களுக்கு நாலு நாள் லாபம்.

நான் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் தெருவில் சிமென்ட் பெயர்ந்து 8 செ.மீ. அகலத்துக்கு ஒரு வெடிப்பு குறுக்கே போகிறது. சின்னச் சக்கரத்தின் ஆரம் 5 செ.மீ. வெடிப்பின் பாதி 4 செ.மீ. 5, 4 என்றால் மூன்றாவது பக்கம் 3 என்று நமக்கு மனப்பாடம். 5-இல் 3 போனால் 2. அதாவது அந்த வெடிப்பில் சின்னச் சக்கரம் 2 செ.மீ. இறங்கும். சைக்கிள் சக்கரத்தின் ஆரம் 33 செ.மீ. 33² − 4² = 1073, வர்க்கமூலம் 32.76. அது இறங்குவது வெறும் இரண்டரை மில்லிமீட்டருக்குள். ஒரே வெடிப்பு, எட்டு மடங்கு வித்தியாசம்! குழி மட்டும் இல்லை, கல்லும்தான். வழியில் 5 செ.மீ. உயரக் கல் ஒன்று கிடந்தால் அதன் தலையும் சின்னச் சக்கரத்தின் அச்சும் ஒரே உயரம். நேராக எவ்வளவு தள்ளினாலும் அது ஏறாது, வண்டியைத் தூக்கத்தான் வேணும். பெரிய சக்கரம் தாண்டிப் போய்விடும்.

அம்மா நோட்டைப் பார்த்தார்கள். "இதுக்கு எதுக்குடி பிதாகரஸு? சின்னச் சக்கரம் போட்ட வண்டியில தினம் பாதி சாம்பாரு ரோட்டுக்குத்தானே போவுது, நான் பாக்கலையா?" என்றார்கள். ஆனால் அந்த நோட்டை அப்பாவிடம் காட்டியதும் அம்மாதான். பாதிப் பணம் இப்போது, மீதி அடுத்த மாதம் என்று பேசி சைக்கிள் சக்கரமே போட்டோம். சாம்பார் இப்போது விளிம்பில் இருந்து இரண்டு விரல் கீழே இருந்தால் போதும். முன்பு நாலு விரல் விடுவார்கள்.

சதுரச் சக்கர வண்டியும் அதன் ரோடும் அறிவியல் அறை அலமாரியில் இருக்கின்றன. சாரிடம் கேட்டுவிட்டு எடுத்து ஓட்டலாம், உப்புத்தாளை மட்டும் பிய்க்காதீர்கள்.

இடம் தீரப்போகிறது (மிஸ் ஏற்கனவே இரண்டாவது சார்ட் கொடுத்துவிட்டார்கள்), அதனால் போட்டிக் கேள்வியை எழுதிவிடுகிறேன். 10 செ.மீ. பக்கம் உள்ள அறுகோணச் சக்கரத்துக்கு ரோடு போட வேண்டும். மேட்டின் உயரம் எவ்வளவு என்பதை முதலில் பிதாகரஸ் வைத்துக் கண்டுபிடியுங்கள். பிறகு 10 செ.மீ. செயினைத் தொங்கவிட்டு, அந்த அளவு தொய்வு வரும்போது இரண்டு ஊசிக்கும் இடைவெளி எத்தனை செ.மீ. என்று அளந்து, பெயர், வகுப்போடு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி இந்தத் தாளின் கீழே குத்தியிருக்கும் கவரில் போடுங்கள். ஆறாம் வகுப்பில் இருந்து யாரும் கலந்துகொள்ளலாம். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் கவரைப் பிரிப்போம். சரியான விடையில் முதல் சீட்டுக்குப் பரிசு, தாத்தா டப்பாவில் இருந்து ஓர் அறுகோண 20 பைசா.